இரட்டைக்கிளவியா, அடுக்குத்தொடரா?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோவைரஸின் டி.என்.ஏ.வில் ஒரே வாசகம் எட்டொன்பது இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. வைரஸின் பல ஜீன்கள் சூடு பிடிப்பதே அதை வைத்துத்தான்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் வேறெதையும் யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது. சரி, இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. பூச்சி செல்களோடும் இந்த வைரஸோடும் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவள் நான். கேட்டால் நிறுத்த மாட்டேன். ஆசிரியர் கத்தரி போட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் இந்த வைரஸ் என்ன, அந்தத் திரும்ப வரும் பகுதி எவ்வளவு பெரியது என்று சொல்லுங்கள் மேடம். நேரடியாக நடுவில் தொடங்கிவிடுகிறீர்கள்.
*— விலங்கியல் இளங்கலை மாணவர்*

குற்றச்சாட்டு நியாயம்தான். பாக்குலம் என்றால் லத்தீனில் குச்சி. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் குச்சி குச்சியாகத் தெரிவதால் பாக்குலோவைரஸ். பெரும்பாலும் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களைத் தாக்கும். ஆராய்ச்சிக்கூடங்களில் அதிகம் புழங்குவது ஆட்டோகிராஃபா கலிஃபோர்னிகா என்ற அந்துப்பூச்சியிலிருந்து எடுத்த வைரஸ். அதன் முழுப் பெயரைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கும். நாங்கள் 'ஏசி வைரஸ்' என்போம், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அதன் டி.என்.ஏ. ஒரு வளையம். 1994இல் முழுதாகப் படித்து முடித்தார்கள். மொத்தம் 1,33,894 எழுத்து ஜோடிகள், ஏறக்குறைய நூற்றைம்பது ஜீன்கள். இந்த வளையத்தை வெட்டி நீட்டினால் சுமார் 45 மைக்ரான் வரும். அது அடைபட்டுக் கிடக்கும் குச்சியோ ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. இவ்வளவு இட நெருக்கடியில் இருக்கிற ஒருவன் ஒரே பொருளை எட்டொன்பது இடத்தில் வாங்கி வைத்திருக்கிறான் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா? என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது இந்தக் கேள்விதான்.

அந்தத் திரும்ப வரும் பகுதிகளுக்கு 'ஒத்த பகுதிகள்' என்ற பொருளில் எச்.ஆர். என்று பெயர். (ஆமாம், சம்பளம் பேசும் துறைக்கும் அதே பெயர். எங்கள் கூடத்தில் இதை வைத்து எல்லா ஜோக்கும் சொல்லி முடித்தாயிற்று.) ஒரு அலகு சுமார் 70 எழுத்து. அதன் நடுவில் சுமார் 30 எழுத்துக்கு ஒரு விகடகவி. இப்படிப்பட்ட அலகுகள் ஓரிடத்தில் இரண்டு, இன்னோரிடத்தில் ஆறு, எட்டு என்று வரிசையாக நிற்கும். அப்புறம் பல ஆயிரம் எழுத்துகளுக்கு ஜீன்கள். அதன்பின் மறுபடி ஒரு வரிசை. வளையம் முழுக்க இப்படித் தூவி வைத்திருக்கிறது.

டி.என்.ஏ.வில் விகடகவியா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?
*— அறிவியல் ஆசிரியை*

'விகடகவி'யை வலமிருந்து படித்தாலும் விகடகவிதான். புலவர்கள் இதையே பாட்டாகக் கட்டி மாலைமாற்று என்றார்கள். டி.என்.ஏ.வின் மாலைமாற்று இன்னும் ஒரு படி சிக்கலானது, ஏனென்றால் அதற்கு இரண்டு இழைகள்.

கரும்பலகையில் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்று எழுதுங்கள். ஏவுக்கு ஜோடி டி, ஜிக்கு ஜோடி சி. அப்படியானால் கீழ் இழையில் சி-டி-டி-ஏ-ஏ-ஜி வரும். கீழ் இழையை எதிர்த்திசையில்தான் படிக்க வேண்டும் என்பது விதி. வலமிருந்து படிக்கச் சொல்லுங்கள். ஜி-ஏ-ஏ-டி-டி-சி! மேலே இருப்பதே கீழேயும். வகுப்பில் ஒரு குழந்தையாவது "ஹை" என்று சொல்லும்.

நான் எடுத்துக்காட்டுக்காகச் சும்மா பொறுக்கிய எழுத்துகள் இல்லை இவை. எச்.ஆர். விகடகவிகளில் பெரும்பாலானவற்றின் நட்ட நடுவில் இதே ஆறு எழுத்துதான் உட்கார்ந்திருக்கிறது. ஈகோ-ஆர்-ஒன் என்ற வெட்டும் நொதி இந்த ஆறெழுத்தைக் கண்டால் அங்கே வெட்டும். இதை மனதில் வையுங்கள், கண்டுபிடித்த கதையில் திரும்ப வரும்.

ஒரு எச்சரிக்கை. எச்.ஆர். விகடகவி முழுக்கக் கச்சிதமானது இல்லை. இடது பாதிக்கும் வலது பாதிக்கும் ஓரிரு எழுத்து பொருந்தாது.

தமிழில் சொல் இரட்டித்து வந்தால் அது இரட்டைக்கிளவியா, அடுக்குத்தொடரா என்று பிள்ளைகளைக் கேட்டு உயிரை எடுப்பவன் நான். உங்கள் வைரஸ் எந்த வகை?
*— ஓய்வு பெற்ற தமிழாசிரியர்*

ஐயா, இருபத்தெட்டு வருடத்தில் என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து இரண்டு முறை நடந்துவிட்டு வந்தேன்.

பள்ளியில் படித்ததை நினைவிலிருந்து சொல்கிறேன், தவறிருந்தால் காதைத் திருகுங்கள். 'சலசல' இரட்டைக்கிளவி. பிரித்து 'சல' என்றால் பொருள் இல்லை. 'பாம்பு பாம்பு' அடுக்குத்தொடர். ஒரு 'பாம்பு' போதும், பொருள் உண்டு. ஆனால் இரண்டு, மூன்று முறை கத்தினால் வேகம் கூடுகிறது.

எச்.ஆர். இரண்டுமாக இருக்கிறது!

விகடகவியின் இரண்டு பாதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வைரஸ் செல்லுக்குள் நுழைந்ததும் முதன்முதலில் செய்கிற புரதங்களில் ஒன்று ஐ.இ.1. அது தனியாக வேலை செய்யாது. இரண்டு ஐ.இ.1 கைகோத்து ஜோடியாகி, விகடகவியின் இடது பாதியில் ஒன்றும் வலது பாதியில் ஒன்றுமாக உட்காரும். ஒரு பாதியைக் கெடுத்துவிட்டால்? "இன்னொரு பாதி இருக்கிறதே, பாதி வேலையாவது நடக்காதா" என்று தோன்றும். நடக்காது. ஸ்டீவன் ரோடெம்ஸும் பால் ஃபிரீசனும் 1995இல் எச்.ஆர்.5ஐ (எச்.ஆர். பகுதிகளில் ஐந்தாம் எண் போட்டது) வைத்து இதைக் காட்டினார்கள். ஜீனை ஊக்குவிக்க இரண்டு பாதியும் வேண்டும். ஆக, விகடகவிக்குள் பார்த்தால் அது இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் போச்சு.

இப்போது கொஞ்சம் தள்ளி நின்று 70 எழுத்து அலகைப் பாருங்கள். ஒரே ஒரு அலகை மட்டும் வெட்டி எடுத்து ஒரு ஜீனின் பக்கத்தில் ஒட்டினாலும் வேலை நடக்கிறது. இரண்டு, மூன்று சேர்த்தால் சத்தம் கூடுகிறது. இது அசல் அடுக்குத்தொடர்.

அசைநிலைக்கு இரண்டு, விரைவுக்கு மூன்று, இசைக்கு நான்கு என்று ஏதோ ஒரு கணக்கு சொல்வீர்களே. வைரஸ் எட்டு வரை போகிறது. இலக்கணம் மீறியதற்கு நீங்கள்தான் அதைக் கண்டிக்க வேண்டும்.

யார் முதலில் பார்த்தது? எப்படி?
*— பெயர் எழுதாதவர்*

1983இல், கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் காக்ரனும் பீட்டர் ஃபாக்னரும். அப்போது முழு டி.என்.ஏ.வையும் எழுத்தெழுத்தாகப் படிப்பது கனவு. வெட்டும் நொதிகளைப் போட்டுத் துண்டாக்கி, ஜெல்லில் ஓடவிட்டு, எந்தத் துண்டு எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் என்று வரைபடம் போடுவதே பெரிய வேலை. ஓர் இடத்தின் துண்டுக்குக் கதிரியக்கச் சாயம் பூசிய மாதிரி அடையாளம் கொடுத்து, மொத்தத் துண்டுகள் மீதும் விட்டால், அது தன் இடத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். இவர்கள் விட்டது வேறு இடங்களிலும் போய் ஒட்டியது. மொத்தம் ஐந்து இடங்கள். ஒவ்வொன்றிலும் ஈகோ-ஆர்-ஒன் வெட்டுமிடங்கள் கொத்தாக இருந்தன. ஏன் கொத்து என்று ஆசிரியைக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது.

எச்.ஆர்.1 முதல் எச்.ஆர்.5 வரை எண் போட்டார்கள். பிறகு மேலும் கிடைத்தன. ஏற்கெனவே போட்ட எண்ணை மாற்ற மனம் வராமல் 1ஏ, 2ஏ, 4ஏ, 4பி, 4சி என்று இடைச்செருகினார்கள். இன்றைக்குப் பட்டியலைப் பார்க்கும் மாணவருக்குத் தலை சுற்றுவதற்கு இந்த இடைச்செருகல்தான் காரணம்.

அது என்ன செய்கிறது என்று அப்போது தெரியவில்லை. அதைச் சொன்னவர்கள் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் லிண்டா குவாரினோவும் மேக்ஸ் சம்மர்ஸும். 1986. எச்.ஆர். துண்டை ஒரு ஜீனோடு ஒட்டினால் அந்த ஜீனின் வெளிப்பாடு (ஜீனைப் படித்துப் புரதம் செய்வது) எகிறுகிறது, அதுவும் ஐ.இ.1 கூட இருந்தால் என்று காட்டினார்கள்.

'ஜீன் வெளிப்பாடு எகிறுகிறது' என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். அதைக் கண்ணால் பார்க்க முடியுமா? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?
*— உயிர்வேதியியல் முதுகலை மாணவி*

பார்த்திருக்கிறேன். கறுப்புப் புள்ளியாக.

உங்கள் காலத்தில் செல் பச்சையாக ஒளிரும், கருவி எண் கொடுக்கும். எங்களுக்கு கேட் சோதனை. குளோராம்ஃபெனிக்கால் என்ற மருந்தின் மேல் அசெட்டைல் என்ற சிறு வால் ஒட்டும் ஒரு பாக்டீரியா நொதி இருக்கிறது. பூச்சி செல்லில் அது இயற்கையாக இல்லை. அதன் ஜீனை நாம் சோதிக்க விரும்பும் புரமோட்டருக்குப் பின்னால் பொருத்தி, செல்லுக்குள் அனுப்ப வேண்டும். (புரமோட்டர் என்பது ஜீனின் வாசற்படி. படிக்கும் நொதி வந்து நிற்கும் இடம்.) ஒன்றிரண்டு நாள் கழித்து செல்களை உடைத்து, கதிரியக்கக் கார்பன் சேர்த்த மருந்தோடு கலந்து, சிலிக்கா பூசிய தகட்டில் ஏற விடுவோம். வால் ஒட்டிய மருந்து வேகமாக மேலே போகும், ஒட்டாதது கீழேயே நிற்கும். தகட்டின் மேல் எக்ஸ்ரே ஃபிலிமை வைத்து ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் இருட்டறையில் கழுவ வேண்டும்.

அன்று என் தகட்டில் நான்கு பாதைகள். முதலாவதில் புரமோட்டர் மட்டும். இரண்டாவதில் அதோடு ஐ.இ.1. மூன்றாவதில் புரமோட்டரோடு எச்.ஆர்.5, ஐ.இ.1 இல்லை. நான்காவதில் மூன்றும். சிவப்பு விளக்கில் ஃபிலிமை டிரேயில் ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். முதலாவதில் கீழே மட்டும் ஒரு புள்ளி. இரண்டாவதில் மேலே மங்கலாக ஏதோ. மூன்றாவது கிட்டத்தட்ட முதலாவது மாதிரியே. நான்காவதில் கீழ்ப் புள்ளியையே காணோம்! மருந்து அத்தனையும் வால் முளைத்து மேலே போய், மூன்று கறுப்புப் பொட்டாக எரிந்து கிடந்தது.

எனக்கு சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. தப்பான குழாயிலிருந்து ஊற்றிவிட்டேன் என்றே நினைத்தேன். மறுபடி செய்தேன், அதே. சாற்றைப் பத்து மடங்கு நீர்த்துச் செய்தேன், அப்போதும் நான்காவது கறுப்பு. மூன்றாவது முறை நூறு மடங்கு நீர்த்த பிறகுதான் கீழ்ப் புள்ளி எட்டிப் பார்த்தது. அன்றுதான் என்ஹான்சர் என்ற வார்த்தை எனக்குப் பாடப்புத்தகத்திலிருந்து வெளியே வந்தது.

என்ஹான்சர் என்றால் ஊக்கி. வாசற்படிக்கு முன்னால் வைத்தாலும் வேலை செய்யும், பின்னால் வைத்தாலும் செய்யும், தலைகீழாகத் திருப்பினாலும் செய்யும். விகடகவியைத் திருப்பினால் என்ன ஆகிவிடப் போகிறது! இந்தக் கருத்தே முதலில் ஒரு வைரஸிலிருந்துதான் வந்தது. எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸில் 72 எழுத்து வாசகம் அடுத்தடுத்து இருமுறை வரும். சூரிச்சில் வால்டர் ஷாஃப்னர் குழு 1981இல் அதை முயலின் ஹீமோகுளோபின் ஜீன் ஒன்றோடு ஒட்டிக் காட்டியது. அங்கே 72, இங்கே 70. எண் ஒத்துப்போவது தற்செயல், வாசகம் வேறு வேறு. ஆனாலும் அந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன சிலிர்ப்பு.

உள்ளே நடப்பது இதுதான். தொற்றின் ஆரம்ப மணி நேரங்களில் வைரஸிடம் படிக்கும் நொதி கிடையாது. பூச்சி செல்லின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸை இரவல் வாங்கித்தான் ஆரம்ப ஜீன்களைப் படிக்கிறது. செல்லின் ஆயிரக்கணக்கான ஜீன்கள் அதே நொதிக்காகக் காத்திருக்கும்போது வைரஸுக்கு வரிசையில் முந்த வேண்டும். எச்.ஆர்.இல் உட்கார்ந்த ஐ.இ.1 ஜோடி அந்த நொதியை வைரஸின் வாசற்படிக்கு இழுத்து வருகிறது. பிற்பாடு வைரஸ் தன் சொந்தப் பாலிமரேஸையே செய்துகொள்ளும். அது நான்கு புரதங்கள் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் பாலிஹெட்ரின் என்ற படிகப் புரதம் மலைபோலக் குவிகிறது.

இந்த ஊக்கி வேலை மட்டும்தானா? வேறு வேலை உண்டா?
*— அதே மாணவி (ஒரே உறையில் இரண்டு கேள்வி அனுப்பியிருக்கிறார்)*

உண்டு. வைரஸ் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கத் தொடங்கும் இடமாகவும் எச்.ஆர். வேலை செய்கிறது. ஒரு சாதாரண பிளாஸ்மிட்டை (பாக்டீரியாவில் வளர்க்கிற சிறு டி.என்.ஏ. வளையம்) தொற்றுள்ள பூச்சி செல்லில் விட்டால் அது பெருகாது. அதிலேயே ஒரு எச்.ஆர். துண்டைச் செருகிவிட்டால், வைரஸின் நகலெடுக்கும் கருவிகள் அதையும் தன் டி.என்.ஏ. என்று நம்பிப் பெருக்கிவிடுகின்றன. ஆரிகன் மாநிலத்தில் ஜார்ஜ் ரோர்மன் குழுவினர் 1992இல் இதைச் சொன்னார்கள். சையத் ஹஸ்னைன் குழு 1996இல் எச்.ஆர்.1ஐ எடுத்துப் பார்த்தபோது, ஊக்கி வேலைக்கு வேண்டிய எழுத்துகளும் நகல் தொடக்கத்துக்கு வேண்டிய எழுத்துகளும் ஒன்றல்ல என்று தெரிந்தது.

எனக்குப் பிடித்தது ஒரு ஜப்பானியச் சோதனை. ஐ.இ.1, நகலெடுப்பில் உதவும் எல்.இ.எஃப்.3, பி143 என்ற மூன்று புரதங்களையும் வைரஸ் இல்லாத செல்லில் செய்ய வைத்தார்கள். கூடவே எச்.ஆர். உள்ள டி.என்.ஏ.வையும் போட்டால், இவை சிதறிக் கிடக்காமல் நியூக்ளியஸுக்குள் ஓரிடத்தில் கூடிப் புள்ளி புள்ளியாகத் திரண்டன. நிஜத் தொற்றில் வைரஸ் தொழிற்சாலை போடுவது போலவே. கூட்டம் எங்கே கூட வேண்டும் என்று சொல்லும் கொடிக்கம்பம் என்று எச்.ஆர்.ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

எச்.ஆர்.5ஐ அழித்தாலும் வைரஸ் சாகவில்லை என்று எங்கோ படித்தேன். அப்படியானால் நீங்கள் சொல்வதெல்லாம் மிகைதானே?
*— ஒரு சந்தேகப் பிராணி (அவரே போட்டுக்கொண்ட பெயர்)*

படித்தது சரி. 1993இலேயே ரோடெம்ஸும் ஃபிரீசனும் எச்.ஆர்.5 இல்லாத வைரஸைச் செய்தார்கள். பக்கத்து ஜீனின் ஆரம்ப வெளிப்பாடு குறைந்தது, வைரஸோ பெருகிக்கொண்டுதான் இருந்தது. 2007இல் எரிக் கார்ஸ்டன்ஸும் யுன்டாவ் வூவும் ஒவ்வொரு எச்.ஆர்.ஆகத் தனித்தனியே நீக்கிப் பார்த்தார்கள். எந்த ஒன்றும் தனியாக அத்தியாவசியம் இல்லை.

இதை வைத்து "மிகை" என்கிறீர்கள். நான் வேறு மாதிரி படிக்கிறேன். நாற்காலிக்கு எட்டுக் கால் இருந்து ஒன்றை அறுத்தால் விழாது. அதனால் கால்களே தேவையில்லை என்று யாராவது சொல்வார்களா? பிற்பாடு ஒன்றன்பின் ஒன்றாக அறுத்துக்கொண்டே போனார்கள். போகப் போக வெளியே வரும் வைரஸும் குறைந்தது, பிந்திய காலப் புரதமும் குறைந்தது.

ஏன் இத்தனை என்பதற்கு என் சொந்த ஊகம் ஒன்று உண்டு, ஊகம் என்று தெரிந்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஜீன்கள் வளையம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஊக்கி தூரத்திலிருந்து வேலை செய்யும் என்றாலும் பக்கத்தில் இருந்தால் நல்லது. தெருவிளக்கை ஒரே இடத்தில் பத்து நட்டு என்ன பிரயோசனம்?

இன்னொன்று, உங்கள் கட்சிக்கு வலுச் சேர்க்கிற விஷயம். எச்.ஆர். இல்லாத பாக்குலோவைரஸும் உண்டு. கிரைசோடீக்சிஸ் கால்சிட்டிஸ் என்ற அந்துப்பூச்சியின் வைரஸை முழுதாகப் படித்தபோது இந்த வகைப் பகுதிகள் அதில் காணப்படவில்லை. அது எப்படியோ சமாளிக்கிறது. இதை நினைத்தால் எனக்கும் உங்கள் பெயரை வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

'குப்பை டி.என்.ஏ.' என்று சொல்வார்களே, அது இதுதானா?
*— ஒரு வங்கி ஊழியர்*

இல்லை. அந்தச் சொல்லை 1972இல் பிரபலமாக்கியவர் சுசுமு ஓனோ. அவர் பேசியது நம்மைப் போன்ற பெரிய உயிர்களின் டி.என்.ஏ. பற்றி. மனித டி.என்.ஏ.வில் ஏறக்குறைய பாதி திரும்ப வரும் வாசகங்கள்தான். அதில் வேலை செய்வதும் உண்டு, சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதும் நிறைய உண்டு. "குப்பையே கிடையாது, எல்லாம் பொக்கிஷம்" என்று இப்போது ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அதிலும் எனக்கு உடன்பாடில்லை. எச்.ஆர். வேலை செய்கிறது என்பதை ஃபிலிமில் பார்த்துத்தான் நம்பினேன். திரும்ப வருகிறது என்பதற்காக நம்பவில்லை.

கிரிஸ்பரும் திரும்பத் திரும்ப வரும் விகடகவி என்கிறார்களே. அதுவும் இதுவும் ஒன்றா?
*— பிளஸ் டூ மாணவர்*

பெயரில் மட்டும் ஒற்றுமை. கிரிஸ்பர் பாக்டீரியாவுடையது. அங்கே சரக்கு இருப்பது இடைவெளியில். பழைய எதிரிகளின் டி.என்.ஏ. துணுக்குகளை நடுநடுவே சேர்த்து வைத்திருக்கும். எச்.ஆர்.இல் சரக்கு விகடகவியிலேயே இருக்கிறது.

இந்த வைரஸ் நமக்கு வருமா?
*— இரண்டு குழந்தைகளின் தாய்*

வராதும்மா. மனித செல்லுக்குள் ஆராய்ச்சிக்கூடத்தில் நுழைய வைக்கலாம், அங்கே அது பெருகாது.

இதனால் யாருக்கு என்ன லாபம்? கோபித்துக்கொள்ள வேண்டாம்.
*— வணிகவியல் பேராசிரியர்*

கோபமில்லை. மானியக் குழுவில் இதையே மூன்று விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

பாலிஹெட்ரின் ஜீன் இருக்கும் இடத்தில் நமக்கு வேண்டிய ஜீனை வைத்தால், பூச்சி செல் அந்தப் புரதத்தைக் குவித்துத் தரும். 1983இல் கேல் ஸ்மித், சம்மர்ஸ், ஃபிரேசர் மூவரும் மனித பீட்டா இன்டர்ஃபெரானை இப்படிச் செய்தார்கள். இன்றைக்குக் கருப்பை வாய்ப் புற்றுக்கான செர்வாரிக்ஸ் தடுப்பூசி, ஃப்ளூபிளாக் என்ற ஃப்ளூ தடுப்பூசி, நோவாவாக்ஸின் கோவிட் தடுப்பூசி மூன்றும் பூச்சி செல்லில், இந்த வைரஸைக் கொண்டு செய்தவை. நம்மில் எத்தனை பேர் கையில் அந்துப்பூச்சி செல்லின் உழைப்பு ஏறியிருக்கிறதோ!

எச்.ஆர். இங்கே எங்கே வருகிறது? தொழிற்சாலைத் தொட்டியில் வைரஸைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தால் ஒரு தலைவலி. நாம் செருகிய பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டு வேகமாகப் பெருகும் சோம்பேறி வைரஸ்கள் தலைதூக்கும். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில், செருகிய பகுதிக்குள்ளேயே ஒரு எச்.ஆர்.ஐயும் வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பகுதி கூடுதல் காலம் நிலைத்தது. நகல் தொடங்கும் இடமாயிற்றே, அதை எறிந்தால் எறிந்தவனுக்குத்தான் நஷ்டம்.

அப்புறம், மரபணு மாற்றிய பூச்சிகள். ஒரு கொசுவோ அந்துப்பூச்சியோ நாம் வைத்த ஜீனை வாங்கிக்கொண்டதா என்று அறிய, ஒளிரும் புரதத்தின் ஜீனைக் கூடவே வைப்பார்கள். அதை இயக்க எச்.ஆர்.5ஐயும் ஐ.இ.1 ஜீனின் புரமோட்டரையும் சேர்த்து ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. அங்கே வைரஸும் இல்லை, ஐ.இ.1 புரதமும் இல்லை. அப்படியும் எப்படி வேலை செய்கிறது? எச்.ஆர். அலகுகளில் விகடகவிகளுக்கு இடைப்பட்ட இடத்தில் பூச்சியின் சொந்தப் புரதங்கள் உட்காரும் சிறு வாசகங்களும் இருக்கின்றன. வைரஸ் தன் ஆளுக்கு மட்டும் இருக்கை போடவில்லை, வீட்டுக்காரனுக்கும் போட்டு வைத்திருக்கிறது.

எச்.ஆர். உள்ள பிளாஸ்மிட்டை பாக்டீரியாவில் வளர்த்தேன். ஒவ்வொரு முறையும் துண்டு கொஞ்சம் சிறியதாக வருகிறது. என் கைடு, நான் ஜெல்லைச் சரியாக ஓட்டவில்லை என்கிறார். என்ன செய்ய?
*— முனைவர் பட்ட மாணவர்*

தம்பி, உங்கள் கைடுக்கு முன்னால் அந்தத் தப்பைச் செய்தவள் நான்.

என்னிடம் ஐந்து அலகுள்ள ஒரு பிளாஸ்மிட் இருந்தது. ஜூனியர் ஒருவரிடம் வளர்க்கக் கொடுத்தேன். அவர் எடுத்து வந்த டி.என்.ஏ.வை வெட்டிப் பார்த்தால் துண்டு 140 எழுத்து அளவுக்குக் குட்டையாக இருந்தது. குழாயை மாற்றிவிட்டார் என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். மறுபடி வளர்த்தார். இப்போது இரண்டு பட்டை, ஒன்று சரியான நீளம், ஒன்று குட்டை. "இரண்டு குழாயையும் கலந்துவிட்டாயா?" என்று அதற்கும் கத்தினேன். மூன்றாம் முறை நானே வளர்த்தேன். எனக்கும் குட்டை. அப்போதுதான் அந்த 140 உறைத்தது. 70, 70. சரியாக இரண்டு அலகு.

நடந்தது இவ்வளவுதான். ஒரே வாசகம் வரிசையாக நின்றால், பாக்டீரியா நகலெடுக்கும்போது இரண்டாவது அலகை நான்காவது என்று நினைத்துத் தாவிவிடும். திரும்பத் திரும்ப வரும் வரியைக் கையால் நகலெடுத்தால் நமக்கும் கண் ஒரு வரி தாவும் இல்லையா? குட்டையானது கொஞ்சம் வேகமாகப் பெருகும், ஓரிரு நாளில் குழாய் முழுக்க அதுவே. ஜூனியரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்களும் குழாயை மாற்றிவிட்டீர்களா மேடம்?" என்றார். வாங்கிக்கொண்டேன்.

உங்கள் குட்டையான துண்டை அளந்து, எத்தனை எழுத்து குறைகிறது என்று கைடிடம் காட்டுங்கள். 70இன் மடங்காக இருந்தால் வாதம் அங்கேயே முடிந்தது. அப்புறம், மறுசேர்க்கை (டி.என்.ஏ.வை வெட்டி மாற்றி ஒட்டும் பழக்கம்) குறைந்த, திரும்ப வரும் வாசகங்களைத் தாங்குகிற பாக்டீரியா வகைக்கு மாறுங்கள். 37 டிகிரிக்குப் பதில் 30இல் வளர்த்துப் பாருங்கள். பழைய கல்ச்சரிலிருந்து புதிய கல்ச்சர், அதிலிருந்து இன்னொன்று என்று இழுக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் உறைய வைத்த முதல் குழாயிலிருந்தே தொடங்குங்கள். ஒரே ஒரு காலனியை நம்பாமல் ஆறு காலனி எடுத்து ஆறையும் வெட்டிப் பாருங்கள். முழு நீளம் ஒன்றாவது கிடைக்கும். கிடைத்த அன்றே அதை மைனஸ் 80இல் போடுங்கள், இரண்டு குழாயாக.